பென்ஸ் டபிள்யூ124 வைத்திருப்பவர்கள்: எது உழைக்கிறது, எது உயிரை வாங்குகிறது?

பிரபு_புதுகை

வணக்கம். திருச்சியில் டபிள்யூ124 வரிசையைச் சேர்ந்த 1996 மாடல் இ220 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புனேயில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி, பெட்ரோல், மேனுவல் கியர். மீட்டர் 1,43,000இல் நின்றுபோயிருக்கிறது, கேபிள் போய்விட்டது என்கிறார் ஓனர். நாலு லட்சம் கேட்கிறார், உட்கார்ந்து பேசினால் இறங்குவார் போலத் தெரிகிறது. தினப்படி ஓட்டத்துக்கு வீட்டில் ஸ்விஃப்ட் இருக்கிறது, இது ஆசைக்குத்தான்.

எங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேட்டால் "பென்ஸா, வேண்டாம் சார்" என்பதோடு முடித்துக்கொள்கிறார். யூடியூபில் பார்த்தால் "சாகாத வண்டி" என்கிறார்கள். வைத்திருப்பவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

அண்ணாநகர்_மீரா

அப்பா வாங்கிய இ220 எங்களிடம் இன்னும் இருக்கிறது, இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கோளாறு எது, குணம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பாதிப் பேர் இந்த வண்டியை வெறுத்துவிடுகிறார்கள். அதனால் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆயில் பிரஷர் முள்: ஓடும்போது 3இல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 1க்குக் கீழே சரியும். பதற வேண்டாம். ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் 3க்குத் துள்ளினால் எல்லாம் நலம். சூடான இன்ஜினுக்கு ஐட்லிங்கில் 0.3 பார் இருந்தாலே போதும் என்பது கம்பெனிக் கணக்கு.

டெம்பரேச்சர் முள்: அண்ணாசாலை நெரிசலில் 100ஐ நெருங்கும், தாண்டவும் செய்யும். 105, 107 வாக்கில் முன்னால் இருக்கும் மின்விசிறி முழு வேகம் எடுக்கும், முள் இறங்கும். இறங்கினால் சரி. இறங்கவே இல்லை என்றால் விசிறி, அதன் ரிலே, நடுவில் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் (சூட்டுக்கு ஏற்ப இன்ஜின் விசிறியைச் சுழலவிடும் பாகம்), எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வைப்பர் ஒன்றே ஒன்று. நடுவில் சுருங்கி, மூலைக்குப் போகும்போது நீண்டு, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைத்துவிடும். அந்த நீளும் பொறிக்குள் கிரீஸ் காய்ந்தால் உதறும். மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். முதலில் கிரீஸ் வையுங்கள்.

மேனுவல் வண்டியில் பெடல் நாலு. நாலாவது பார்க்கிங் பிரேக். காலால் அமுக்க வேண்டும், டேஷ்போர்டில் உள்ள பிடியை இழுத்து விடுவிக்க வேண்டும். ஓட்டல் வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தும் பையன்கள் இருக்கைகளுக்கு நடுவே கையை விட்டுத் தேடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இண்டிகேட்டர், வைப்பர், டிம் டிப் எல்லாம் இடது பக்கம் ஒரே தண்டில். மாருதி ஓட்டிப் பழகிய வலது கை கொஞ்ச நாள் காற்றில் துழாவும்.

பல்பு விளக்கு எரிந்தால் பல்பு போயிருக்க வேண்டும் என்பதில்லை. இடது பல்பு இழுக்கும் கரண்ட்டையும் வலது பல்பு இழுப்பதையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு பக்கம் ஒரு பிராண்டு, மறுபக்கம் வேறு பிராண்டு என்று போட்டாலே எரியும். ஜோடியாக மாற்றுங்கள்.

நெட்டைமரம்

மீரா மேடம் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் 30 வயது வண்டியின் வலியை எல்லாம் "குணம்" என்று பெயர் சூட்டிவிட்டால் எப்படி?

"சாகாத வண்டி" கதைக்கு எல்லோரும் காட்டுவது 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிரேக்க டாக்சியை. அது டபிள்யூ124 இல்லை. 1976ஆம் ஆண்டு 240டி, இதற்கு இரண்டு தலைமுறை முந்தியது. அதிலும் இன்ஜினைப் பலமுறை கழற்றி மாற்றியிருக்கிறார்கள். 1984 கடைசியில் தொடங்கி 25 லட்சத்துக்கு மேல் செய்த மாடல் இது. இன்று நம் கண்ணில் படுபவை பிழைத்துக் கிடப்பவை மட்டும்தான், காயலான் கடைக்குப் போனது யூடியூபில் வராது.

தம்பி பிரபு, நாலு லட்சத்துக்கு நல்ல கொரோலா வரும். ஏசி ஜில்லென்று இருக்கும், எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும். யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்_வேலு

நெட்டைமரம் சார் சொல்வதில் பாதி சரி. நான் இந்த வண்டிகளில் கை வைப்பவன், வைத்திருப்பவன் இல்லை, அதனால் எனக்கு ஆசையும் இல்லை கோபமும் இல்லை.

இரும்பு நல்ல இரும்பு. இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து கைகள் வைத்த அந்த சஸ்பென்ஷன், இவற்றில் பெரிய வேலை அபூர்வம். வேலை வருவதெல்லாம் ரப்பரிலும், வயரிலும், காற்றுக் குழாயிலும். ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

பிரபு தம்பி பார்க்கும் வண்டிக்கு முதல் கேள்வி: இன்ஜின் வயரிங் மாற்றியாயிற்றா? 1992 வாக்கிலிருந்து 1995, 96 வரை வந்த பென்ஸ் இன்ஜின்களில் வயரின் மேலுறைக்கு மண்ணில் மக்கும் வகைப் பொருளைப் போட்டார்கள். மண்ணுக்குப் போவதற்கு முன்னால் இன்ஜின் சூட்டிலேயே மக்குகிறது. உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது, ரகசியம் ஒன்றும் இல்லை.

பார்க்கும் விதம் சொல்கிறேன். பானட்டைத் திறந்து (இந்த பானட் செங்குத்தாக நிற்கும், அதற்குத் தனிக் கொக்கி உண்டு, பாதியில் விட்டுவிட்டுக் குனிய வேண்டாம்) இன்ஜக்டருக்கு (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) போகும் வயரின் கறுப்பு உறையை ஒரு விரல்கடை பின்னால் தள்ளுங்கள். உள்ளே கலர் வயர் தெரியும். நகத்தால் லேசாக அழுத்துங்கள். வளைந்தால் தப்பித்தீர்கள். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிச் செம்பு தெரிந்தால், அந்த வண்டி இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்குத் தெரியாது. இரண்டு வயர் ஒன்றையொன்று தொட்டால் ஐட்லிங் ஆடும், வண்டி இழுக்காது, கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கம்ப்யூட்டர் போயிற்று என்று மாற்றி, பழைய வயரிலேயே மாட்டி, புதுசையும் சேர்த்து எரித்த வண்டி என்னிடம் வந்திருக்கிறது.

மீட்டர் விஷயம்: ஸ்பீடு முள் வேலை செய்து கிலோமீட்டர் மட்டும் நின்றிருந்தால் அது கேபிள் இல்லை. உள்ளே சின்னப் பல்சக்கரம் தன் தண்டில் வழுக்குகிறது. இந்த மாடலில் சாதாரணம். அதனால் 1,43,000 என்பதை எண்ணாகவே எடுக்காதீர்கள். நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

டோர்ட்முண்ட்_சீலன்

வணக்கம் உறவுகளே. நான் ஜேர்மனியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1989ஆம் ஆண்டு 250டி, ஐந்து சிலிண்டர் டீசல், ஓட்டோமற்றிக். இந்தியாவில் இது எப்படி என்று தெரியாது, இங்கே ஒரு காலத்தில் ரக்சி என்றாலே இதுதான், வெளிர் மஞ்சள் நிறத்தில் ரயில் நிலைய வாசலில் வரிசையாக நிற்கும்.

வேலு அண்ணா காற்றுக் குழாய் என்றார். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் டீசல் வாங்குகிறவருக்கு இதுதான் முழுக் கதையும்.

இந்த வாகனத்தில் கதவுப் பூட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடாது, வக்யூமில் (பம்ப் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுப்பில்) ஓடும். பூட்டும்போது கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல இறங்கும். பூட்டிய பிறகும் பின்பக்கம் பம்ப் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் எங்கோ ஒரு ரப்பர் ஒழுகுகிறது. அத்தோடு போனால் பரவாயில்லை. டீசலில் இயந்திரத்தை நிறுத்துவதும் வக்யூம்தான், அது இயந்திரத்தில் இருக்கும் வேறொரு பம்பிலிருந்து வருவது, அங்கே ஒழுகினாலோ வேறு கதை. திறப்பை (சாவியை) முறுக்கி எடுத்துக் கையில் வைத்திருப்பீர்கள், இயந்திரம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். முதல்முறை நடந்தபோது என் மனைவி பேய் பிடித்த வாகனம் என்றார். பானட்டைத் திறந்தால் டீசல் பம்ப் பக்கம் "ஸ்டொப்" என்று எழுதிய சிவப்பு நெம்பு ஒன்று இருக்கும். அதை அமர்த்திப் பிடித்தால் நிற்கும். வாங்கப் போகும்போதே அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

ஓட்டோமற்றிக் கியர் மாறுவதும் டீசலில் வக்யூமைப் பார்த்துத்தான். என்னுடைய வாகனம் ஒரு பனிக்காலத்தில் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் உதைக்கத் தொடங்கியது. ஒரு கராஜில் காட்டினேன், கியர்பொக்ஸ் முழுதாகக் கழற்ற வேண்டும் என்று வாகனத்தின் விலையை விடக் கூட ஒரு தொகை எழுதித் தந்தார்கள். வேறொரு வயதான மெக்கானிக் வக்யூம் மானியைச் செருகிப் பார்த்துவிட்டு, வெடித்துப்போன ஒரு ரப்பர் முழங்கையை (வளைந்த குழாய் இணைப்பை) கழற்றிக் காட்டினார். விரல் நுனியளவு சாமான். மாற்றினார், உதை நின்றது.

வக்யூம் பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த டீசல்களில் அது இயந்திரத்தின் முகப்பில் இருக்கிறது. அதன் பெயரிங் உடைந்து உருளைகள் உள்ளே விழுந்தால் டைமிங் சங்கிலியில் போய்ச் சிக்கும். முன்பக்கம் புதிதாக டக் டக் என்று கேட்டால் ஓட்டாதீர்கள்.

கோவை_டீசல்

சீலன் சொன்ன சிவப்பு லீவர் சமாச்சாரம் நூற்றுக்கு நூறு. என்னிடம் இருப்பது புனே இ250 டீசல். வருஷத்துக்கு ஒருமுறை இந்த ரப்பர் முட்டிகளை எல்லாம் மொத்தமாக மாற்றிவிடுகிறேன், ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு.

பிரபு, பெட்ரோல் வண்டி என்பதால் ஒன்று கேட்கிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996இல் செய்த ஹோசும் சீலும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோலை நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஆர்.சி. எது வரை இருக்கிறது என்றும் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய காருக்கு ரினீவல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வின்டேஜ் என்று பதிவு செய்து தப்பிக்கலாமா என்றால் அதற்கு நம் நாட்டில் 50 வயது ஆக வேண்டும்.

டோர்ட்முண்ட்_சீலன்

இங்கே 30 வயது போதும். நல்ல நிலையில், அசல் உருவத்தில் இருந்தால் எச் எழுத்துப் போட்ட எண் பலகை தருவார்கள். வரி ஆண்டுக்கு 191 யூரோ 73 சென்ட், இயந்திரம் எவ்வளவு பெரியதென்றாலும் அதுதான். புகை அதிகம் விடும் வாகனங்களுக்குத் தடை உள்ள நகர வலயங்களுக்குள்ளும் போகலாம். பழைய டீசலுக்கு அந்தப் பலகை இல்லாவிட்டால் வரியே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் துரு இருந்தால் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நெட்டைமரம்

ரப்பர் முட்டி, சிவப்பு லீவர், பேய். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணாநகர்_மீரா

@நெட்டைமரம், கொரோலாவில் ஏசி ஜில்லென்று இருக்கும் என்றீர்களே, அதில் நான் வாதாடமாட்டேன். இந்த வண்டியில் என்னை உண்மையிலேயே அழவைத்தது ஏசிதான். எவாபரேட்டர் (ஏசியில் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஒழுகினால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், அது காசை விட நாளைத் தின்னும் வேலை. கழற்றி மாட்டிய பிறகு பழையபடி கிறீச் சத்தம் இல்லாமல் டேஷ்போர்டு உட்காருவது செய்கிறவரின் கையைப் பொறுத்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மாட்டும்போது மிஞ்சிய ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு க்ளவ் பாக்ஸில் வைத்துக் கொடுத்தார்கள்!

அதனால் பிரபு, ஏசி "கேஸ் மட்டும் ஏற்றினால் போதும்" என்று ஓனர் சொன்னால் அந்த வாக்கியத்துக்கு ஒரு நல்ல தொகையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

ஏசி ஓடும்போதே இடையில் சூடான காற்று வந்தால் மட்டும் டேஷ்போர்டு வரை போக வேண்டாம். சூட்டு நீரைத் திறந்து மூடும் வால்வில் ஒரு சின்ன டயஃப்ராம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம்.

ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். விழுப்புரம் தாண்டி நூறில் போகும்போது பின்சீட்டில் அம்மா தூங்கிவிடுவார். வேறு எந்த வண்டியிலும் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒர்க்‌ஷாப்_வேலு

ஃப்யூஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வண்டியில் இருப்பது தட்டை ஃப்யூஸ் இல்லை, இரண்டு முனையும் கூரான உருளை ஃப்யூஸ். அலுமினிய ரகத்தில் முனையில் உப்புப் பூத்துக் கரண்ட் போகாது, ஆனால் ஃப்யூஸ் எரிந்திருக்காது. ஒரு பக்க ஹெட்லைட் மங்கல், ஹாரன் சில நேரம் மட்டும், பவர் விண்டோ பாதியில் நிற்பது, இதற்கெல்லாம் முதலில் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே விரலால் உருட்டுங்கள். உருட்டினதும் சரியானால் மொத்தத்தையும் செம்பு ஃப்யூஸாக மாற்றிவிடுங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

1993க்கு முந்தைய 230இ மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு: காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஏபிஎஸ் விளக்கு, ஐட்லிங் ஏறி இறங்குவது, மூன்றும் சேர்ந்து வந்தால் பேட்டரிக்குப் பின்னால் உள்ள ஓவர்வோல்டேஜ் ரிலேயை (வோல்டேஜ் ஏறினால் கம்ப்யூட்டர் பெட்டிகளைக் காக்கும் ரிலே) கழற்றி உள்ளே சால்டரைப் பாருங்கள். முடி மாதிரி விரிசல் இருக்கும்.

பிரபு_புதுகை

வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி, நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், ஓனர் என்னை ஆர்.டி.ஓ. ஆள் என்று நினைத்துவிட்டார்.

ஸ்பீடு முள் ஓடுகிறது, கிலோமீட்டர் மட்டும்தான் நிற்கிறது. அப்போது பல்சக்கரம்தான். ஆயில் பிரஷர் மீரா அக்கா சொன்னபடியே 1க்குக் கீழே வந்து, மிதித்ததும் 3. பூட்டு: மூன்று கதவு இறங்கியது, பின் இடது கதவு மேலேயே நின்றது, பம்ப் அரை நிமிடம் முனகியது. ஏசி "கேஸ் மட்டும் ஏற்றினால் போதும்"! வார்த்தை மாறாமல் அதேதான்.

வயர்: உறையைத் தள்ளிப் பார்த்தேன். இன்ஜக்டர் பக்கம் நொறுங்குகிறது, செம்பு தெரிகிறது. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு நிஜமாகவே தெரியாது. விலையை இரண்டே முக்காலுக்கு இறக்கிவிட்டார்.

கேள்வி: புது வயரிங் ஜெர்மனியிலிருந்து வரவழைப்பதா, இங்கேயே கட்டுவதா? அப்புறம், கீழே ஜாக் வைக்கும் இடத்தில் ஒரு பக்கம் பெயின்ட் உப்பியிருக்கிறது. அது பெரிய விஷயமா?

கோவை_டீசல்

பெயின்ட் உப்பல் பெரிய விஷயம்தான். கீழ்ப்பக்க பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பின்னால்தான் துரு வளரும், வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். முன் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓனர் கழற்ற விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். இன்ஜினை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், பாடி அழுகினால் கை வைக்க ஆள் கிடைக்காது.

கூலன்ட்டில் என்ன ஊற்றியிருக்கிறார் என்று மூடியைத் திறந்து (ஆறிய பிறகு!) பாருங்கள். செம்மண் கலர் என்றால் போர்வெல் தண்ணீர். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், நம் ஊர் உப்புத் தண்ணீர் அதைத் தின்றுவிடும்.

நெட்டைமரம்

இரண்டே முக்காலா? சரி, அந்த விலைக்கு நானே போய்ப் பார்ப்பேன். (சிரிக்க வேண்டாம்.) ஆனால் வயரிங், ஏசி, துரு, மூன்றையும் கூட்டுங்கள். மறுபடி நாலு லட்சத்தைத் தாண்டுகிறதா இல்லையா?

ஒர்க்‌ஷாப்_வேலு

தாண்டும். நெட்டைமரம் சார் கணக்கு சரி. அதனால்தான் சொல்கிறேன் தம்பி, இன்னும் ஐம்பதாயிரம் குறைத்துக் கேளுங்கள். வயரைக் காட்டிவிட்டீர்கள் அல்லவா, இனி அந்த வண்டியை வேறு யாரிடமும் தெரியாத மாதிரி அவரால் விற்க முடியாது.

வயரிங்: புதுசு வரவழைத்தால் மாட்டுவது ஒரு நாள் வேலை, விலைதான் கை சுடும். இங்கே கட்டுவதென்றால் சூடு தாங்கும் சிலிகான் அல்லது டெஃப்லான் வயரில் கட்ட வேண்டும், வீட்டுக்குப் போடும் பிவிசி வயரில் கட்டித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய வயரின் நிறம் வெளுத்திருக்கும், நிறத்தைப் பார்த்துச் சேர்த்தால் மாறிவிடும். எதையும் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனைக்கும் சீட்டுக் கட்டி, மல்டிமீட்டரில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கனெக்டர் பிளாஸ்டிக்கும் காய்ந்திருக்கும், இழுத்தால் உடையும், ஹீட் கன்னில் லேசாகச் சூடு காட்டிக் கழற்றச் சொல்லுங்கள். த்ராட்டில் பெட்டிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) போகும் வயரும் அதே ரகம்தான், அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கட்டுவார்கள், அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு போட்டோ போடுங்கள். அதற்கு முன்னால் அட்வான்ஸ் வேண்டாம்.